டாக்டர் ஏன் காதைப் பார்க்கிறார்?

மார்பின் நடுவில் இருக்கும் ஒரு மருவை எடுத்துவிடலாம் என்று தோல் டாக்டரிடம் போகிறார் ஒரு பெண். வயது 25 இருக்கும். மரு மிளகு அளவுதான். ஐந்து நிமிஷ வேலை, இன்றைக்கே முடிந்துவிடும் என்ற நினைப்பில் வந்திருக்கிறார். டாக்டரோ மருவை ஒருதரம் பார்த்துவிட்டு, "முடியைக் கொஞ்சம் ஒதுக்குங்கம்மா, காதைப் பார்க்கணும்" என்கிறார். இரண்டு காதுமடல்களையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார். கம்மல் துளையைச் சுற்றி விரலால் அழுத்தி, உள்ளே உருண்டையாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தேடுகிறார். அடுத்து இடது தோளில் பிசிஜி தடுப்பூசி போட்ட தழும்பு. அடுத்து முதுகில் பரு வந்துபோன இடங்கள். கடைசியாக ஒரு கேள்வி: "உங்க வீட்ல யாருக்காவது தழும்பு தடிச்சுப் பெருசா வளர்ந்திருக்கா?"

மார்பில் இருக்கும் மருவுக்கும் காதுமடலுக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பெண்ணுக்கு வந்த சந்தேகம் நமக்கும் வரும். டீயை வைத்துக்கொண்டு நிதானமாகவே பார்ப்போம். இதைப் புரிந்துகொள்ள, காயம் எப்படி ஆறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மழைக்காலத்து இரவில் ஏரிக்கரை உடைந்துகொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஊர்க்காரர்கள் கையில் கிடைத்ததைப் போட்டு உடைப்பை அடைக்கிறார்கள். நம் உடம்பில் அதுதான் ரத்தம் உறைவது. சில நிமிஷ வேலை. பிறகு செத்தையையும் சேற்றையும் அள்ளி வெளியே போட ஆட்கள் வருகிறார்கள். இவர்கள் வெள்ளையணுக்கள். காயம் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கும் முதல் சில நாட்கள் இவர்களுடையவை. அதற்குப் பின்னால் வருகிறார்கள் மண் கொட்டும் ஆட்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் என்பது இந்தச் செல்களுக்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர். அவர்கள் கொட்டும் மண்தான் கொலாஜன் என்ற புரத நார். நம் தோலுக்கு உறுதி தருவதும் அதே நார்தான்.

மண்ணைக் கொட்டியதோடு வேலை முடிந்துவிடாது. அவசரத்துக்குப் போட்ட மெல்லிய நாரை எடுத்துவிட்டுத் தடித்த நாரைப் பின்ன வேண்டும். கூடுதலாக விழுந்ததை வழித்தெடுக்க வேண்டும். மேடு தட்டாமல் மட்டம் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிக் கட்டம் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருஷத்துக்கு மேலும் நடக்கிறது. அத்தனை நாள் ஆனாலும் தழும்பு விழுந்த தோல், பழைய தோலின் உறுதியில் சுமார் 80 சதவீதத்தைத்தான் எட்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தையல் பிரிக்கிற ஏழாம் நாளோ பத்தாம் நாளோ, நம்மைப் பொறுத்தவரை காயம் ஆறிவிட்டது. வீட்டில் தலைக்குக் குளிப்பாட்டிவிடுகிறார்கள். உள்ளே மண் கொட்டும் வேலை அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். தழும்பு எப்படி அமையப்போகிறது என்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு, நாம் அதை மறந்துவிட்ட வாரங்களில்தான் தீர்மானமாகிறது.

உடைப்பு அடைந்தவுடன் "போதும், வீட்டுக்குப் போங்கள்" என்ற தகவல் ஆட்களுக்குப் போய்ச்சேர வேண்டும். சேராவிட்டால் அவர்கள் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். இதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, உடைந்த இடத்துக்குள்ளேயே மண் மேடாகக் குவிவது. தழும்பு தடித்து, சிவந்து, அரிக்கும். ஆனால் காயத்தின் எல்லையைத் தாண்டாது. பெரும்பாலும் காயம் ஆறிய ஒன்றிரண்டு மாதத்துக்குள் தலைகாட்டும். காலப்போக்கில் தானாக அமுங்கவும் கூடும். இதைப் புடைத்த தழும்பு என்போம். இன்னொன்று, கரையைத் தாண்டிப் பக்கத்து வயல்களிலும் கொட்டிக்கொண்டே போவது. காயம் படாத நல்ல தோலுக்குள்ளும் தழும்பு பரவும். மாதங்கள் கழித்து, ஏன், வருஷம் கழித்தும்கூடத் தொடங்கும். தானாக அமுங்குவது அபூர்வம். இதுதான் கீலாய்டு. இது புற்றுநோய் இல்லை, தொற்றவும் தொற்றாது. 1806இல் இதை விவரித்த பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ழான்-லூயி அலிபேர் முதலில் புற்று மாதிரியான ஒன்று என்றுதான் நினைத்தார்; பிறகு திருத்திக்கொண்டார். 200 வருஷம் கழித்தும் அந்தப் பயம் நம் ஆட்களுக்குப் போகவில்லை என்பதால் இதைச் சொல்கிறேன்.

சரி, இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒருவருக்குத் தழும்பு இப்படி வளர்ந்துவிட்டால் நாம் முதலில் யாரைக் குறை சொல்கிறோம்? தையல் போட்டவரை. "அந்த டாக்டர் கை சரியில்லீங்க, எங்க பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எவ்வளவு நைசா தைச்சிருக்காங்க பாருங்க." தையல் போட்டவர் தப்பினால், அடுத்தது சாப்பாடு: புண் ஆறுவதற்குள் கத்தரிக்காய் சாப்பிட்டுவிட்டாள், கருவாட்டுக் குழம்பு ஊற்றிவிட்டார்கள். அதுவும் இல்லையென்றால் நோயாளியே: ஒழுங்காக மருந்து போடவில்லை, சொறிந்துவிட்டாள். ஆக, தழும்பு என்பது யாரோ செய்த பிழைக்கு விழுந்த அடையாளம் என்பது நம் எல்லோர் மனசிலும் ஊறிப்போன எண்ணம்.

கத்தரிக்காய் மேல் இந்தப் பழியைச் சுமத்த வேண்டாம். கீலாய்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தையல் விஷயத்தில் மட்டும் நியாயமாகப் பேச வேண்டும். விளிம்புகளை வலிந்து இழுத்துத் தைத்திருந்தால், சீழ் பிடித்திருந்தால், ஆறுவதற்கு நாளாகியிருந்தால் தழும்பு மோசமாகும் என்பது உண்மைதான். ஆனால் அதே கை, அதே நூல், அதே வெட்டு இரண்டு பேருக்கு இரண்டு விதமாக ஆறும். இதைவிட வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது: கீலாய்டுகளில் பலவற்றுக்குத் தையலே கிடையாது. மார்பில் வந்த ஒரு பருவிலிருந்து, ஒரு கொசுக்கடியிலிருந்து, ஒரு ஊசித் துளையிலிருந்து கிளம்பியவை அவை. எப்போது அடிபட்டது என்றே தெரியாமல் வருகிறவர்களும் உண்டு. அங்கே யார் கையைக் குறை சொல்வது?

இந்தத் தப்பெண்ணத்தால் வரும் நஷ்டம் மனஸ்தாபத்தோடு நிற்பதில்லை. தழும்பு வளர்ந்தது பழைய டாக்டரின் பிழை என்று நம்புகிறவர், அடுத்த அறுவைக்கு வேறு டாக்டரிடம் போகும்போது அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். பிழை அங்கேயே முடிந்துபோன கதை என்பது அவர் கணக்கு. கம்மல் துளையில் முளைத்த உருண்டையை முடியால் மறைத்துக்கொண்டு, நெஞ்சில் இருக்கும் மருவை எடுக்க வருவார். புது டாக்டருக்குக் கிடைத்திருக்க வேண்டிய மிகப் பெரிய துப்பு அப்படியே போய்விடும்.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. "சரியாக வெட்டி எடுத்துத் திரும்ப ஒழுங்காகத் தைத்தால் போய்விடும்" என்ற நம்பிக்கை. கீலாய்டை வேறு சிகிச்சை எதுவும் சேர்க்காமல் வெட்டி மட்டும் எடுத்தால், 45இலிருந்து 100 சதவீதம் வரை திரும்ப வருவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பல நேரம் முன்பைவிடப் பெரிதாக வரும். காரணம் எளிது: வெட்டுவதும் ஒரு காயம்தான். அதே இடம், அதே உடம்பு, இப்போது இன்னும் பெரிய உடைப்பு.

ஆகவே ஒரு தழும்பைப் பார்க்கும்போது, யார் தைத்தது என்று கேட்பதைவிட, இந்த உடம்பு இந்த இடத்தில் எப்படி ஆறுகிறது என்று கேட்பது உபயோகமானது. காதைப் பார்த்த டாக்டர் அதைத்தான் செய்தார். நாளைக்கு நீங்கள் கீலாய்டு வளர்ப்பீர்களா என்று சொல்ல ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. ஜப்பானில் நடந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு, 2010இல், கீலாய்டோடு தொடர்புள்ள சில மரபணுப் பகுதிகளைக் கண்டுபிடித்தது உண்மை. அது இன்னும் கிளினிக் மேஜைக்கு வந்து சேரவில்லை. எலிக்கும் முயலுக்கும் மனிதனைப் போல் கீலாய்டு வருவதில்லை என்பதால் ஆராய்ச்சியும் மெதுவாகத்தான் நகர்கிறது. அதுவரைக்கும் உடம்பு ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் பரிசோதனை முடிவுகள் பழைய தழும்புகள்தான். பிறந்த குழந்தைக்கு இடது தோளில் போடும் பிசிஜி, காது குத்து, மூக்குக் குத்து, அம்மை வடு, விழுந்து எழுந்த காயம், சிசேரியன் என்று நம்மிடம் அப்படி எத்தனையோ முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஏற்கெனவே ஒரு கீலாய்டு இருக்கிறது என்பதே எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை. அதற்கு அடுத்தது குடும்பம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு கூடுகிறது. கட்டாயம் வரும் என்று இல்லை. ஒரு தலைமுறையை விட்டுவிட்டு அடுத்ததில் தலைகாட்டுவதும் உண்டு.

பிறகு வயது. கீலாய்டு பெரும்பாலும் 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் தொடங்குவது. கைக்குழந்தைக்கும் கிழவருக்கும் அபூர்வம். இது நம் வீட்டு விஷயம் ஒன்றோடு நேராகவே வந்து முட்டுகிறது. அமெரிக்காவில் 2005இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் கீலாய்டு உள்ள 32 பேரிடம், எந்த வயதில் காது குத்தினீர்கள் என்று விசாரித்தார்கள். 11 வயதிலோ அதற்குப் பிறகோ குத்தியவர்களில் 80 சதவீதம் பேருக்குக் காதில் கீலாய்டு வந்திருந்தது. 11 வயதுக்கு முன்பே குத்தியவர்களில் 23.5 சதவீதம் பேருக்குத்தான். 32 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் கைக்குழந்தைக்கே காது குத்திவிடும் நம் வழக்கம், இந்த ஒரு விஷயத்தில் தற்செயலாக நல்ல பக்கத்தில் இருக்கிறது. கல்லூரிக்குப் போன பிறகு மடலின் மேல்பக்கம் இரண்டாவது, மூன்றாவது துளை போட்டுக்கொள்கிறவர்கள்தான் யோசிக்க வேண்டியவர்கள். அதுவும் வீட்டில் யாருக்காவது கீலாய்டு இருந்தால் ரொம்பவே யோசிக்க வேண்டும்.

தோலின் நிறத்தைப் பற்றியும் கேட்பீர்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு மிக அதிகம், ஆசியர்களான நமக்கு அதற்கு அடுத்து, வெள்ளையர்களுக்குக் குறைவு என்பது உலகம் முழுக்கப் பார்த்த உண்மை. அதனால் கறுப்புதான் காரணம் என்று பல காலம் நினைத்தார்கள். தான்சானியாவில் நிறமி இல்லாத வெண்மை நிலையோடு பிறந்தவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டு 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. இரு தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வம்சத்தில் வருகிற ஏதோ ஒன்றுதான் காரணம். நிறம் அதோடு சேர்ந்து வந்த சகபயணி போலிருக்கிறது. மாநிறத்துக்காரர் கவலைப்படவும் வேண்டாம், சிவப்பாக இருப்பவர் மெத்தனமாக இருக்கவும் வேண்டாம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: இடம். ஒரே ஆளுக்கு, ஒரே நாளில், ஒரே கத்தியால் மேல் இமையிலும் மார்பிலும் வெட்டினால், மார்பில் கீலாய்டு வரலாம். இமையில் பெரும்பாலும் கோடு விழுந்த சுவடே தெரியாது. ஏற்கெனவே உடம்பெல்லாம் கீலாய்டு உள்ளவர்களுக்கும் இமையில் வருவது மிக அபூர்வம். உள்ளங்கை, உள்ளங்காலிலும் அபூர்வம். அப்படியானால் "என் உடம்பு வாகு அப்படி" என்று சொல்வதும் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தேடிப்போனவர்களில் முக்கியமானவர் டோக்கியோவின் நிப்பான் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன் ரெய் ஒகாவா. அவரும் அவருடைய குழுவினரும் சொல்லும் விடை: இழுவிசை.

உடைப்பை அடைத்த பிறகும் தண்ணீர் அந்த இடத்தையே தள்ளிக்கொண்டிருந்தால், ஆட்கள் மண் கொட்டுவதை எப்படி நிறுத்துவார்கள்? மார்புத் தோல் அந்த நிலையில்தான் இருக்கிறது. மூச்சு விடும்போதெல்லாம், கையைத் தூக்கும்போதெல்லாம் அது பக்கவாட்டில் இழுபடுகிறது. தோள்பட்டையும் அப்படித்தான். உட்கார்ந்து எழும்போதெல்லாம் அடிவயிறு இழுபடுகிறது. சிசேரியன் தழும்பு தடிப்பதற்கு அது ஒரு காரணம். இமைத்தோலோ தளர்ந்து, மடிந்து, இழுவை இல்லாமல் கிடக்கிறது. இழுவை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகத்தான் கீலாய்டும் படர்கிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். மார்பில் நண்டுக் கொடுக்கு வடிவம், தோள்பட்டையில் வண்ணத்துப்பூச்சி வடிவம், மேல்கையில் டம்பெல் வடிவம். தழும்பின் உருவத்தைப் பார்த்தே அந்த இடத்துத் தோல் எப்படி இழுபடுகிறது என்று படித்துவிடலாம். காதுமடல் மட்டும் இந்தக் கணக்கில் ஒழுங்காக உட்காருவதில்லை. அங்கே பெரிய இழுவை இல்லை. கம்மலின் கனம், திரும்பத் திரும்பக் கழற்றிப் போடும் உரசல், துளையில் அடிக்கடி சீழ் வைப்பது என்று காரணம் சொல்கிறார்கள்.

கடைசியாகக் காயத்தின் ஆழமும் அது ஆற எடுத்துக்கொண்ட நாட்களும். தோலின் மேல் ஏட்டோடு நின்றுபோன சிராய்ப்பு தழும்பாகாது; கீழ் அடுக்குவரை இறங்கினால்தான் இந்தக் கதையெல்லாம். தீக்காயத்தில் இதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. 1983இல் அமெரிக்காவில் வெளியான, இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வில், 14இலிருந்து 21 நாட்களில் ஆறிய தீக்காய இடங்களில் மூன்றில் ஒரு பங்கு புடைத்தது. 21 நாட்களுக்கு மேல் ஆனவற்றில் 78 சதவீதம். தீக்காயப் பிரிவில், மூன்று வாரத்துக்குள் தானாக ஆறாது என்று தோன்றும் புண்ணுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிவிடலாம் என்று டாக்டர்கள் அவசரப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். "தானா ஆறட்டும், எதுக்கு இன்னொரு ஆபரேஷன்" என்று தள்ளிப்போடும் உறவினர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

இத்தனையையும் டாக்டர் மனசுக்குள் எப்படிக் கூட்டிக் கழிக்கிறார்? பெரும்பாலானவர்கள் அனுபவத்தால்தான். ஒகாவாவின் குழு உட்பட ஜப்பானியத் தழும்பு நிபுணர்கள் சேர்ந்து இதற்கு ஒரு மதிப்பெண் பட்டியலே தயாரித்திருக்கிறார்கள். முன்னே இருந்த கனடாவின் வான்கூவர் அளவுகோல், தழும்பின் நிறம், ரத்த ஓட்டம், மென்மை, உயரம் ஆகியவற்றை மட்டும் அளந்தது. அது முளைத்துவிட்ட தழும்புக்குத்தான் மார்க் போடும். ஜப்பானியப் பட்டியலின் முதல் பாதி ஆளைப் பற்றியது. எனக்கு அதுதான் சுவாரஸ்யம். வம்சத்துக்கு 2 மதிப்பெண் வரை (நம்மைப் போன்றவர்களுக்கு 1), குடும்பத்தில் இருந்தால் 1, ஒன்றுக்கு மேற்பட்ட தழும்பு தடித்திருந்தால் 2, மார்பு, தோள்பட்டை, அடிவயிறு என்றால் 2, தொடங்கிய வயது 30க்குள் என்றால் 2, 31இலிருந்து 60க்குள் என்றால் 1. காரணத்துக்கு அதிகபட்சம் 3. இந்த 3 எதற்குக் கிடைக்கிறது தெரியுமா? பெரிய ஆபரேஷனுக்கு இல்லை. பரு மாதிரி அற்பக் காரணத்தாலோ காரணமே தெரியாமலோ வந்திருந்தால்தான். அறுவை மாதிரி தெளிவான காயத்தால் வந்திருந்தால் பூஜ்யம். சின்னத் தூண்டுதலுக்கே இவ்வளவு எகிறும் உடம்பு, பெரிய தூண்டுதலுக்கு என்ன செய்யும் என்பது அதன் பின்னாலுள்ள யோசனை.

போட்டுப் பார்ப்போம். 22 வயதுப் பெண், மார்பில் பருக்களிலிருந்து வந்த இரண்டு மூன்று தடித்த தழும்புகள், வீட்டில் யாருக்கும் இல்லை: 1, 0, 2, 2, 2, 3. முதல் பாதியின் 12க்கு 10. இன்னொருவர் 65 வயதுக்காரர், முழங்கால் மூட்டு மாற்றிய தழும்பு ஒன்று மட்டும் லேசாகத் தடித்திருக்கிறது: வம்சத்துக்கு 1, மற்றவை பூஜ்யம். இரண்டாம் பாதியில் தழும்பின் பரப்பு, உயரம், பக்கவாட்டுப் படர்தல், வடிவம், சுற்றிலும் சிவப்பு, வலி, அரிப்பு ஆகியவற்றுக்கு மார்க் போட்டு மொத்தம் 25க்குக் கணக்கிடுகிறார்கள். 5 வரை சாதாரணத் தழும்பு, 6இலிருந்து 15 வரை புடைத்த தழும்பு, 16உம் அதற்கு மேலும் கீலாய்டு. இது ராசிபலன் இல்லை. குறைந்த எண் வந்தவருக்கும் கீலாய்டு வரலாம். யாரை எவ்வளவு நெருக்கமாகக் கவனிக்க வேண்டும், சிகிச்சையை எவ்வளவு பலமாகத் தொடங்க வேண்டும் என்று முடிவுசெய்ய உதவுகிற ஒரு பிடிமானம், அவ்வளவுதான். கர்ப்ப காலத்தில் கீலாய்டு பெரிதாவதையும், பிரஷர் அதிகமுள்ளவர்களுக்கு மோசமாக இருப்பதையும் கவனித்திருக்கிறார்கள். அவற்றையும் சொல்லிவைப்பது நல்லது.

அபாயம் அதிகம் என்று தெரிந்தால் என்ன செய்வார்கள்? அழகுக்காக மட்டும் செய்வதைத் தவிர்க்கச் சொல்வார்கள். 25 வயது, மார்பின் நடு, காதில் ஏற்கெனவே ஓர் உருண்டை என்றால், கெடுதல் இல்லாத மருவைத் தொடாமல் விடுவதே புத்தி. மிளகு அளவு மரு போய்ப் புளியங்கொட்டை அளவு கீலாய்டு வந்து உட்காரும். மருவில் சந்தேகம் இருந்தால் நிச்சயம் எடுக்கத்தான் வேண்டும். பைபாஸ், சிசேரியன், கட்டி அகற்றல் போன்ற அவசியமான எதையும் தழும்புக்குப் பயந்து தள்ளிப்போடக் கூடாது. அங்கே செய்வதெல்லாம் முன்னேற்பாடு: இழுவைக்கு ஏற்ற திசையில் வெட்டுவது, பாரம் மேல்தோலில் விழாதபடி ஆழத்தில் தையல் போடுவது, புண் மூடியதும் சிலிக்கோன் ஷீட்டோ ஜெல்லோ நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் இரண்டு மூன்று மாதமாவது வைப்பது. தடிக்கத் தொடங்கினால் உடனே உள்ளே ஸ்டீராய்டு ஊசி. ஜப்பானில் ஸ்டீராய்டு கலந்த டேப்பை ஒட்டிக்கொள்ளவே கொடுக்கிறார்கள். வெட்டி எடுத்தே ஆக வேண்டிய கீலாய்டுகளுக்கு, எடுத்த கையோடு சிறிதளவு கதிர்வீச்சும் கொடுப்பதுண்டு.

இவை எல்லாமே சீக்கிரம் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். இங்கேதான் நம் வீட்டுப் பெரியவர்களின் ஒரு வாக்கு குறுக்கே வருகிறது: "அரிச்சா புண்ணு ஆறுதுன்னு அர்த்தம்." முதல் இரண்டு வாரத்துக்கு அது பெரும்பாலும் சரிதான். தையல் பிரித்து ஒரு மாதம் ஒன்றரை மாதம் ஆன பிறகும் அரிப்பு கூடிக்கொண்டே போய், கோடு சிவந்து, தொட்டால் கயிறு மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட்டால் அது ஆறுவதன் அடையாளம் இல்லை. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு ஆறு மாதம் பார்த்திருக்க வேண்டாம். அந்த வாரமே தோல் டாக்டரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போய்விடுங்கள். போகும்போது அது எப்போது தடிக்கத் தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.